இடுப்பு வலியும் நடையும்

சென்ற ஆவணியில் ஒரு நாள் காலை, நிறைகுடத்தைக் குனிந்து தூக்கித் திரும்பிய க்ஷணத்தில் சுளீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்ட வலி, தும்முவதையும் செருப்பு மாட்டுவதையும்கூடப் பெரும் பிரயாசையாக்கிவிட்டது. அசையாமல் கிடப்பதே உத்தமம் என்று உறவினர் உபதேசிக்க, 10 நாள் கிடந்தேன். வலி குறையவில்லை, கால்களின் பலந்தான் குறைந்தது.

பிறகு பார்த்த வைத்தியர், இடுப்பின் 5 முள்ளெலும்புகளையும் அவற்றினிடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகளையும் தாங்கி நிற்பதில் வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் பெரும் பங்குண்டென்றும், சும்மா கிடந்தால் அவை க்ஷீணித்துவிடுமென்றும் பொறுமையோடு விளக்கினார். அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் டேயோவும் சகாக்களும் 1986-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலேயே, 7 நாள் படுக்கை ஓய்வு விதிக்கப்பட்டவர்களைவிட 2 நாள் விதிக்கப்பட்டவர்கள் குறைந்த நாட்களே வேலையை இழந்தார்கள் என்று கண்டிருக்க, நம் வீடுகளில் இன்னும் பாயை விரித்துப் படுக்கவைப்பது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. (கால் மரத்துப்போய், சிறுநீரும் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் விஷயம் வேறு, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.)

ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையை ஊன்றி எழும் வித்தையை அந்த வைத்தியரே கற்பித்தார். முதல் நாள் தெருமுனை வரைதான் நடந்தேன். இன்று விடியற்காலையில் கோயில் குளத்தை 3 முறை சுற்றிவிட்டு, ஈரப் படிக்கட்டில் அமர்ந்து இதை எழுதுகிறேன்.