பழைய வண்டியும் புதிய எஞ்சினும்

குன்னத்தூரில் எம் இல்லத்து வேப்பமர நிழலில் அம்பாசடர் கார் ஒன்று நிற்கிறது. 1972இல் பதிவு பெற்ற மார்க் 2 வண்டி அது. எம் அத்தா 1985இல் அதனைப் பிறரிடமிருந்து வாங்கிக் கோபிச் சாலையிலும் பெருமாநல்லூர்ச் சாலையிலும் தம் இறுதிக்காலம் வரை ஓட்டினார். சென்ற ஆண்டு அதன் எஞ்சின் நீலப்புகை கக்கத் தொடங்கிற்று. திருப்பூரில் பனியன் தொழில் நடத்தும் எம் தமக்கை மகன், "மாமா, இதைக் கழற்றிவிட்டு இசுசு எஞ்சினைப் போட்டுவிடுவோம், ஐந்து கியரும் கிடைக்கும்" என்றான்.

அவன் கூற்றில் நியாயம் உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1990களில் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினைப் பொருத்தி அம்பாசடரை விற்றதன்றோ!

எம் வண்டியின் 1489 சி.சி. எஞ்சினுக்கும் ஒரு குலப்பெருமை உண்டு. இங்கிலாந்தில் 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் ஸ்போர்ட்ஸ் காரில் இரட்டைக் கார்புரேட்டருடன் ஓடியது இவ்வினத்து எஞ்சினே. அக்காரை வைத்திருப்போருள் சிலர், பின்னர் வந்த எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினை அதில் ஏற்றிக்கொள்கின்றனர். வேறு சிலரோ, பிறந்தபோது பெற்ற எஞ்சின் எண் மாறினால் வண்டியே வேறாகிவிடும் என்பர். ஆங்குள்ள வழக்கே எம் முற்றத்திலும் எழுந்தது.

முதிய மெக்கானிக் ஒருவரிடம் கேட்டோம். "வலுவைக் கூட்டினால் பிரேக்கையும் மாற்ற வேண்டும் வாத்தியாரே, இதில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். கியர்பெட்டி, ரேடியேட்டர் என்று வேலை நீளும்" என்றார். 2021இல் மைய அரசு வகுத்த விதியும் நினைவுக்கு வந்தது. ஐம்பது ஆண்டு கடந்து, எஞ்சின் உள்ளிட்டவற்றில் பெருமாற்றம் இன்றி மூல வடிவில் நிற்கும் வண்டிக்கே பழம்பெரும் வாகனம் என்னும் தனிப்பதிவு கிட்டும்.

தமிழ் பயிற்றும் எமக்கு இது புதிய வழக்கன்று. உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கியபோது, தாம் கொள்ளாத பாடங்களையும் எறிந்துவிடவில்லை. அடிக்குறிப்பில் பாடபேதமாகக் காத்தார். நாள்தோறும் தொலைவழி ஓடவேண்டிய வண்டிக்குப் புதிய எஞ்சின் குற்றமன்று. ஆனால் மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் முறைப்படி பதியவேண்டும். கழற்றிய எஞ்சினை எண்ணெய் பூசிக் காக்கவேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போன மூலம் மீளாது.

எம் வண்டியோ வாரம் ஒருமுறை சந்தைக்குச் செல்வது. அதற்கு வேகம் எதற்கு? சிலிண்டரைப் போர் செய்து, அளவு கூடிய பிஸ்டன் இட்டு, பழைய எஞ்சினையே உயிர்ப்பித்தோம். செலவு குறைவன்று, மருமகன் இன்னும் எம்மை நகைக்கிறான்.

வண்டி திரும்பி வந்த மாலை, உள்ளறையில் படுத்திருந்த அம்மா ஓசை கேட்டு எழுந்தமர்ந்தார். "அத்தா வண்டி வந்துவிட்டதா?" என்றார். ஆம் என்றோம். வேறு எஞ்சினை ஏற்றியிருந்தால் அவ்விடையைச் சொல்ல எமக்கு நா எழுந்திராது.