பெரியப்பாவின் மழைக்கணக்கும் ஒரு முட்டையும்

முதல்லயே சொல்லிடறேன், இது பாதி டெக்னிக்கல் பதிவு. மீதிப் பாதி எங்க பெரியப்பா. கம்ப்யூட்டர் சமாச்சாரம் ஒத்துக்காதவங்க நடுவுல நாலு பத்தியைத் தாண்டிப் போயிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

பெரியப்பா மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமத்துல கணக்கு வாத்தியார். ரிட்டையர் ஆனதும் கொல்லையில ஒரு மழைமானி வெச்சார். பிளாஸ்டிக் பாட்டில், மேல ஒரு புனல். ரெண்டோட விட்டத்தையும் அளந்து, கணக்குப் போட்டு, மி.மீ. கோடு கிழிச்ச காகிதத்தை ஒட்டியாச்சு. வானிலை ஆய்வுத் துறைக்காரங்க மாதிரியே தினம் காலையில 8.30க்குப் போய்ப் பார்ப்பார். ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல எச்டிஎம்எல் கத்துக்கிட்டு வந்து, நோட்பேட்ல கையாலயே டேக் அடிச்சு, வருஷத்துக்கு ஒரு ஃபைலா அட்டவணை போட்டார். 2003 ஜனவரி 1லேர்ந்து 2012 டிசம்பர் 31 வரைக்கும் பத்து ஃபைல். அப்புறம் கண்ணு சரியா தெரியலைன்னு விட்டுட்டார்.

போன வருஷம் தவறிட்டார். வருஷ திதிக்கு அந்தக் கணக்கைச் சின்னப் புத்தகமா அடிச்சு ஊர்ல குடுக்கணும்னு பெரியம்மாவுக்கு ஆசை. "நீதான் கம்ப்யூட்டர்லயே இருக்கியே, எடுத்துக் குடுடா"ன்னாங்க. ஒரு மணி நேர வேலைன்னு நெனச்சேன்.

முதல்ல ரெகுலர் எக்ஸ்பிரஷன். டிடி டேக் தொடங்குற இடத்துலேர்ந்து முடியுற இடம் வரைக்கும் வெட்டி எடு, அவ்ளோதானே? மூணு லீப் வருஷம் சேர்த்து 3653 நாள் வரணும். வந்தது 1096. அதாவது கடைசி மூணு வருஷம் மட்டும். பெரியப்பா 2009 வரைக்கும் டிடி டேக்கை மூடவே இல்லை! தப்பும் இல்லை, எச்டிஎம்எல் விதிப்படி அதை மூடாம விடலாம். பிரவுசருக்கு எங்க முடியுதுன்னு தானே புரியும். என் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்குத்தான் புரியலை.

அப்புறம்தான் ஒழுங்கா பைத்தானும் ப்யூட்டிஃபுல் சூப்பும் எடுத்தேன். 2004ல லெனர்ட் ரிச்சர்ட்ஸன் வெளியிட்டது. பேர் ஆலிஸ் கதையில வர்ற பாட்டுலேர்ந்து வந்தது. தாறுமாறா எழுதின எச்டிஎம்எல்லுக்கு 'டேக் சூப்'னு ஒரு செல்லப்பேரும் உண்டு. இது பக்கத்தை வெறும் எழுத்து வரிசையா பார்க்காம மரமா கட்டும். அட்டவணை ஒரு கிளை, அதுக்குக் கீழ வரிசைகள், வரிசைக்குக் கீழ கட்டங்கள். 'இந்தக் கட்டத்தோட அப்பா யாரு, அண்ணன் தம்பி யாரு'ன்னு கேட்டுக் கேட்டு நடக்கலாம்.

ஆனா மரத்தைக் கட்டுற கொத்தனார் யாருங்கறது முக்கியம். பைத்தானோட கூடவே வர்ற பார்சர், மூடாத கட்டத்துக்குள்ளயே அடுத்த கட்டத்தைப் போட்டு, டப்பாக்குள்ள டப்பாவா அடுக்கிடுச்சு. முதல் கட்டத்தைக் கேட்டா மொத்த வருஷமும் வருது. பிரவுசர் மாதிரியே யோசிக்கிற எச்டிஎம்எல்5லிப் பார்சருக்கு மாத்தினதும் 3653 சரியா வந்துச்சு.

அடுத்த கூத்து. பத்து வருஷமும் ஒவ்வொரு மாசமும் 1ஆம் தேதி சரியா 1 மி.மீ. மழை! சித்திரையிலயும்! மாசப் பேரை ரோஸ்பேன் போட்டு மாசம் முழுக்க இழுத்து விட்டிருக்கார். அதனால முதல் தேதி வரிசையில மூணு கட்டம், மத்ததுல ரெண்டு. நான் ரெண்டாவது கட்டத்தை மழைன்னு எடுத்ததால, 1ஆம் தேதியில அந்த '1'ஏ மழையாயிடுச்சு. கடைசிக் கட்டத்தை எடுன்னு மாத்தினேன். முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னு நெனச்சு அண்ணனுக்கு அனுப்பினேன். அவர்தான் இப்போ நிலத்தைப் பார்த்துக்கறார். அரை மணியில போன். "ஏண்டா, 2008 நவம்பர், நிஷா புயல். ஒரத்தநாட்டுல ஒரே நாள்ல 60 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. நம்ம மாட்டுக் கொட்டாய்ல முழங்கால் தண்ணி. நீ முட்டை போட்டு வெச்சிருக்கே?"

போய்ப் பார்த்தேன். அந்தக் கட்டம் காலி. காலியா இருந்தா 0 போடுன்னு நான்தான் ஒரு வரி எழுதியிருந்தேன். மழை இல்லாத நாள்னா பெரியப்பாவே 0ன்னு எழுதியிருப்பாரே, காலியா ஏன் விட்டார்? ஃபைலைத் திறந்தேன். கட்டத்துக்குள்ள கமெண்ட் டேக் போட்டு, பக்கத்துல தெரியாத மாதிரி, இங்கிலீஷ் எழுத்துல தமிழ்: "பாட்டில் நிரம்பி வழிந்துவிட்டது. அளவு தெரியாது. குத்துமதிப்பாகப் போட மனம் இல்லை."

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தெரியாததைத் தெரியாதுன்னு விட்ட மனுஷனோட பேர் போட்ட புத்தகத்துல, அந்த ஊரே மறக்காத மழைக்கு நான் முட்டை அடிச்சிருப்பேன்.

எழுத்தை மட்டும் கேட்டா சூப் கமெண்டை விட்டுடும். தனியா கேட்டா எடுத்துக் குடுக்கும். கேட்டேன். 41 வந்துச்சு. "ஊரில் இல்லை, பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துச் சொன்னது." "புனலில் குருவிக் கூடு, கலைக்கவில்லை." "8.30 அல்ல, 9.10. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து பார்த்தது."

புத்தகத்துல காலிக் கட்டமெல்லாம் காலியாவே இருக்கும். 41 குறிப்பும் அடியில வரும். கடைசிக் குறிப்பை பெரியம்மாவுக்கு போன்ல படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அன்னிக்குக்கூட மழையைப் பார்க்கத்தான் வீட்டுக்கு ஓடினாரா? ஃபிளாஸ்க் எடுத்துட்டு வரேன்னுல்ல சொல்லிட்டுப் போனாரு!"ன்னாங்க.

டிஸ்கி: காலிக் கட்டத்துல 0 போடுற வரி உங்க புரோகிராம்ல எங்கயாவது இருந்தா, இன்னைக்கே ஒரு தடவை போய்ப் பார்த்துடுங்க.