ராத்திரி டீ குடிச்சா என்ன ஆகும்?



பொதுத்தேர்வு நெருங்கினால் நம்ம ஸ்கூலில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பாடம் முடிச்ச?" ரெண்டாவது கேள்வி, "நைட்டு எத்தனை மணி வரைக்கும் முழிச்சிருந்த?" ரெண்டு மணின்னு சொன்னா பெருமை. பத்து மணிக்கே தூங்கிட்டேன்னு சொன்னா சிரிப்பாங்க. எப்படி முழிச்சிருந்தன்னு கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில்தான்: டீ! இல்லேன்னா காபி! அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டீயைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு. எங்க அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டீக்கடை வெச்சிருக்காங்க. காலைல நாலு மணிக்குப் பாய்லர் பத்த வெச்சா, ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கடை சாத்துவாங்க. எங்க வீட்டு அரிசி, என் நோட்டுப் புத்தகம், இதை எழுதுற ஸ்கெட்ச் பேனா எல்லாமே டீ வித்த காசுல வந்ததுதான். அதனால டீயைத் திட்டி எழுத எனக்கு மனசு வராது. ஆனா தெரிஞ்சுக்கிட்டதை மறைக்கவும் மனசு வரல.

டீயிலும் காபியிலும் நம்மைத் தூங்க விடாமல் வைத்திருப்பது ஒரே பொருள்தான். அதன் பெயர் காஃபீன். ஜெர்மனியைச் சேர்ந்த ரூங்கே என்ற வேதியியலாளர் 1819-ல் காபிக் கொட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். பிற்பாடுதான் டீயில் இருப்பதும் அதே பொருள்தான் என்று தெரிய வந்தது. கோலா பானங்களிலும், டின்னில் விற்கிற எனர்ஜி டிரிங்க்கிலும் இருப்பதும் இதுவேதான்.

இது எப்படி வேலை செய்யுது? நாம முழிச்சிருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற ஒரு பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வரும். மூளையில் அதற்கென்று உள்ள இடங்களில் அது போய் உட்கார்ந்தால் நமக்குத் தூக்கம் வரும். காஃபீனின் உருவம் கிட்டத்தட்ட அடினோசின் மாதிரியே இருக்கும். அதனால் அந்த இடங்களில் அது முந்திப் போய் உட்கார்ந்துவிடும்.

பஸ்ஸில் ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்பாங்களே, அதே கதைதான்! சீட்டில் துண்டு கிடக்கிறதால அடினோசின் உட்கார முடியாமல் நின்னுக்கிட்டே வரும். ஆனா அது பஸ்ஸை விட்டு இறங்கிப் போகல. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கூட்டம் ஏறிக்கிட்டேதான் இருக்கு. துண்டை எடுத்ததும் நின்னவங்க எல்லாம் ஒரே நேரத்துல உட்காருவாங்க. காலைல முதல் பீரியட்ல கண் சொக்குதே, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதிலிருந்து என்ன தெரியுது? டீ நம்ம களைப்பைப் போக்கல. களைப்பு இருக்கிறது தெரியாம மறைச்சு வைக்குது. அவ்வளவுதான்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? குடிச்ச காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். ராத்திரி 9 மணிக்கு 80 மில்லிகிராம் உள்ளே போனதுன்னு வெச்சுக்குங்க. 2 மணிக்கும் 40 மில்லிகிராம் மீதி இருக்கும். காலை 7 மணிக்கு, நாம குளிச்சுக் கிளம்புற நேரத்துல, இன்னும் 20 மில்லிகிராம் உடம்பில் சுத்திக்கிட்டிருக்கும். நாம படுத்தாலும் அது படுக்காது!

எங்க அப்பா ஒரு நாளைக்கு எட்டு, பத்து கிளாஸ் குடிப்பாங்க. பாலும் டிகாக்ஷனும் சரியா இருக்கான்னு ருசி பார்க்கிறது வேற தனிக்கணக்கு. கேட்டா, "எனக்கெல்லாம் டீ குடிச்சாலும் படுத்ததும் தூக்கம் வந்துரும்"னு சொல்வாங்க. அது உண்மைதான். படுத்த அஞ்சு நிமிஷத்துல குறட்டை கேக்கும். ஆனா ராத்திரியில நாலு தடவை புரண்டு, ரெண்டு தடவை எழுந்து தண்ணி குடிக்கிறது அம்மாவுக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்து 2013-ல் வெளியிட்டிருக்கிறார்கள். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்தார்கள். அது பெரிய அளவு, நாலு கப் காபிக்கு மேல். கருவி வைத்துப் பார்த்தபோது தூக்கம் 1 மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் தாங்களாகவே எழுதிக்கொடுத்த குறிப்பில் அந்த வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை. அதாவது, தூக்கம் குறைஞ்சது தூங்கினவங்களுக்கே தெரியல! ஆழ்ந்த தூக்கத்தையும் காஃபீன் குறைக்கும் என்கிறார்கள். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதற்குத் தூக்கம் ரொம்ப அவசியம். முழிச்சிருந்து படிச்ச பாடம் மறந்து போறதுக்கு நம்ம மூளையை மட்டும் குறை சொல்லக் கூடாது.

இன்னொரு விஷயம். தினமும் குடிச்சா மூளை அதுக்குப் பழகிடும். ஆரம்பத்தில் ஒரு கிளாஸ்ல வந்த சுறுசுறுப்புக்கு அப்புறம் ரெண்டு கிளாஸ் வேணும். பிறகு அது இல்லாட்டி சாதாரணமாகவே இருக்க முடியாது. போன வருஷம் குலதெய்வம் கோயிலுக்குப் போனப்ப அப்பா விரதம் இருந்து டீயே தொடல. மத்தியானமே தலைவலி மண்டையைப் பிளந்தது. வெயிலா இருக்கும்னு பாட்டி சொன்னாங்க, பித்தம்னு பெரியப்பா சொன்னாங்க. வழக்கமா குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள்ள தலைவலி வரும்னு நான் பிறகுதான் படிச்சேன். அதனால நிறுத்த நினைக்கிறவங்க ஒரே நாள்ல நிறுத்தாம, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறதுதான் நல்லது.

இதையெல்லாம் எழுதறதுக்கு முன்னாடி அப்பாகிட்டயே கேட்டேன். ஏன்னா டியூஷன் முடிஞ்சு எட்டரை மணிக்கு மேல நம்ம ஸ்கூல் அண்ணன்கள் நிறையப் பேர் எங்க கடைக்குத்தான் வருவாங்க. "அப்பா, இதை எழுதினா நம்ம யாவாரம் கெட்டுப் போகுமா?"ன்னேன். அப்பா கிளாஸ் கழுவிக்கிட்டே கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "காலைல குடிக்கிறவன் குடிக்கத்தான் செய்வான். படிக்கிற பிள்ளைக தூக்கத்தைக் கெடுத்து வர்ற காசு நமக்கு எதுக்கு தாயி? எழுது"ன்னாங்க. இப்ப ராத்திரி ஸ்ட்ராங் டீ கேக்குற பிள்ளைங்ககிட்ட, "எத்தனை மணிக்குப் படுப்ப? பால் குடிக்கிறியா?"ன்னு கேக்குறாங்க. சில பேர் பால் வாங்குறாங்க. சில பேர் அடுத்த கடைக்குப் போயிடுறாங்க. அதுல எங்களுக்குத் தினம் கொஞ்சம் நஷ்டம்தான். அப்பா இன்னும் கேக்குறதை நிறுத்தல.

அதனால நண்பர்களே, டீயே குடிக்காதீங்கன்னு நான் சொல்ல வரல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன கணக்குப்படி, நம்ம வயசுப் பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை ஒரு நாளைக்குப் போகலாம். 50 கிலோ இருந்தா 150 மில்லிகிராம். பெரிய கப் காபியில் சுமார் 90, டீயில் சுமார் 50 இருக்கும். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு"ன்னு பெரியவங்க சொல்வாங்க. டீ விஷயத்துல அளவு மட்டும் பார்த்தா போதாது, கடிகாரத்தையும் பார்க்கணும்!

காலைல குடிங்க. மத்தியானத்துக்கு மேல குறைச்சுக்குங்க. சாயந்தரம் ஸ்கூல் விட்ட பிறகு வேண்டவே வேண்டாம். ராத்திரி கண் சொருகினா முகம் கழுவிட்டு வந்து கட்டாயப்படுத்திப் படிக்கிறதை விட, புத்தகத்தை மூடிட்டுப் படுத்து விடியற்காலைல எழுந்து படிங்க. நம்ம வயசுக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேணும்.

மார்ச் மாதம் தேர்வு எழுதப் போகும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் என் வாழ்த்துகள். நல்லாத் தூங்குங்க, நல்லா எழுதுங்க!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு