ஒரு திருத்தம்: நான் தவறாக நடத்திய மின்சாரப் பாடம்

தம்பி நலமாக இருக்கிறான். விசாரித்த அனைவருக்கும் நன்றி.

போன மாதம் வெள்ளிமலையிலிருந்து நெஞ்சு வலியோடு அவனைக் கீழே கூட்டி வந்தோம். மருத்துவமனைக் கட்டிலில் படுக்க வைத்த சில நிமிடத்தில் இதயம் தாறுமாறாகத் துடித்து, நாடி நின்றுவிட்டது. ஷாக் கொடுத்து மீட்டார்கள். வலது காரை எலும்புக்குக் கீழே ஒன்று, இடது அக்குளுக்குக் கீழே விலாவில் ஒன்று என இரண்டு இடத்தில் தோல் சிவந்திருந்தது. "இதயத்து மேலேயே வைக்காம ஏண்ணே தள்ளித் தள்ளி வெச்சாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

பொறியியல் ஆராய்ச்சியில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போனில் விளக்கினார். இரண்டு பட்டையும் பக்கத்தில் இருந்தால் மின்சாரம் பெரும்பாலும் மேலோட்டமாகவே ஓடிவிடுமாம். இதயம் நடுவில் அகப்பட வேண்டும். அப்படி வைத்தும் சுமார் 4 விழுக்காடுதான் இதயத்துக்குள் போகிறது! மற்றதெல்லாம் மார்புச் சதையிலும் நுரையீரலிலும் சுற்றிப் போகிறது.

இங்கேதான் என் தவறு. "மின்சாரம் எளிதான வழியில் மட்டுமே போகும்" என்று உங்களுக்குச் சொன்னேன். அப்படி இல்லை. கோமுகி அணைத் தண்ணீர் பெரிய வாய்க்காலில் அதிகமும் சின்ன வாய்க்காலில் கொஞ்சமுமாகப் பாய்வதுபோல், எல்லா வழியிலும் பிரிந்து போகும்.

உயிருள்ள மனிதனின் மார்புக்குள் இதை அளப்பது கடினம். அதனால் ஸ்கேன் படத்தை வைத்துக் கணினியில் ஒரு மார்பை உருவாக்கி, லட்சக்கணக்கான துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ரத்தம் நன்றாகக் கடத்தும். கொழுப்பும் எலும்பும் காற்று நிறைந்த நுரையீரலும் குறைவாகக் கடத்தும். ஒவ்வொரு துண்டுக்கும் அதற்குரிய அளவைக் கொடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். நமக்குத் தெரிந்த ஓம் விதிதான், துண்டுக்குத் துண்டு. இதயத் தசையில் பெரும்பகுதிக்கு, சென்டிமீட்டருக்குச் சுமார் 5 வோல்ட் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், உடலுக்குள் ஷாக் கருவி பொருத்த வேண்டிய குழந்தைகளுக்கு எங்கே கம்பி வைப்பது என்றுகூட இப்படிச் சோதித்திருக்கிறார்கள். பிஞ்சு உடம்பில் வைத்துப் பார்க்க முடியுமா?

கணக்கு இவ்வளவு முன்னேறியும் என் கவலை வேறு. இப்படி நாடி நின்றால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறையும். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு மலைப்பாதையில் எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். யாராவது மயங்கி விழுந்து மூச்சில்லை என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆள் வரும்வரை நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள்.

பழைய அறிவியல் நோட்டு இன்னும் யாரிடமாவது இருந்தால், "மட்டுமே" என்ற சொல்லை அடித்துவிடவும்.