பாபா கொடுத்த அறை

வேலை புதிது, ஊர் புதிது, பாஷையும் புதிது என்று வந்து நிற்கும் ஒருவரைப் பேய் காட்டிப் பயமுறுத்துவது எல்லா இடத்திலும் உள்ள விளையாட்டுதான். கல்லூரி விடுதியிலும் உண்டு, களத்துமேட்டிலும் உண்டு. ராணுவத்தில் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

சிக்கிமில், சீன எல்லையில் உள்ள நாதுலா கணவாய்ப் பக்கம் இதற்காகத் தனியாகக் கதை கட்ட வேண்டியதே இல்லை. அங்கே பணியில் இருந்தபோது 1968-ல் இறந்துபோன ஹர்பஜன் சிங் என்ற பஞ்சாப் சிப்பாய் இன்னமும் எல்லையைக் காவல் காக்கிறார் என்பது ஜவான்களின் நம்பிக்கை. கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிப் போகும்போது ஓடையில் விழுந்து இறந்தார் என்று சொல்வார்கள். அவரை ‘பாபா’ என்று கும்பிடுகிறார்கள். கோயில் கட்டி, கட்டிலில் படுக்கை விரித்து, சீருடையைத் தேய்த்து மாட்டி, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வைக்கிறார்கள். பல ஆண்டுகள் செப்டம்பர் மாதத்தில் அவருடைய பெட்டியை ரயிலில் ஏற்றி, சொந்த ஊருக்கு ‘லீவில்’ அனுப்பியும் வைத்தார்கள். காவலில் தூங்குகிறவரை பாபா கன்னத்தில் அறைவார் என்பதுதான் கதையில் முக்கியமான இடம்.

இந்தக் கதையால் ஒரு பயனும் உண்டு. அந்தக் கணவாய் 14,000 அடிக்கு மேல் இருக்கிறது. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியில் கிடைப்பதில் சுமார் 60 சதவிகிதம்தான். அந்தக் குளிரில் காவல்காரர் கண்ணயர்ந்தால் எல்லைக்கும் ஆபத்து, அவர் கைகால் விரல்களுக்கும் ஆபத்து.

வேலூர் மாவட்டத்தில் கிணற்றுப் பாசனத்தில் நிலக்கடலை போடும் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், எண்பதுகளின் கடைசியில் அந்தப் பகுதிக்குப் போய் இறங்கினார். அப்போது வயது 20. இந்தியில் பத்து வார்த்தை தெரியும். சில நாள் ஓய்வில் வைத்து உடம்பைப் பழக்கிய பிறகு, முதல் இரவுக் காவல் 2 மணி முதல் 4 மணி வரை என்று போட்டார்கள். அன்று சாயங்காலம், திருநெல்வேலிக்கார சீனியர் ஒருவர் பாபா கதையைத் தமிழிலேயே விளக்கமாகச் சொல்லி அனுப்பினார்.

மூன்று மணி வாக்கில் பனியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. “தம்! கோன் ஆத்தா ஹை?” என்று அதட்டினார். பதில் இல்லை. சத்தம் வந்த திசையில் இரண்டு அடி எடுத்து வைத்தார். பின்னாலிருந்து கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

பையன் அலறிக்கொண்டு ஓடுவான், காலையில் சொல்லிச் சிரிக்கலாம் என்பது சீனியர்களின் திட்டம். அவர் ஓடவில்லை. பயிற்சியில் பழகிய கை தன் வேலையைச் செய்துவிட்டது. துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றி, இருட்டில் தெரிந்த உருவத்துக்கு நேராக நீட்டினார். விரல் விசைக்குப் போய்விட்டது.

“ஏலே, சுட்டுறாதல! நாந்தாம்ல!”

அந்தத் தமிழ் காதில் விழுந்ததால் ஓர் உயிர் தப்பியது. இரண்டு பேரும் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

காலையில் சுபேதார், “ராத்திரி என்ன சத்தம்?” என்று கேட்டார். “காற்று, சாப்” என்றார் இவர். உண்மையைச் சொல்லியிருந்தால் சீனியருக்குத் தண்டனை நிச்சயம். அன்று மதியம் சீனியரே டீயோடு வந்து, எல்லோர் முன்னாலும் சொன்னார்: “பேயா வந்தது நானு. பேயறஞ்ச மாதிரி ஆனதும் நாந்தாம்ல. இவன் தூங்கல, முழிச்சுதான் இருந்தான். அத எல்லாரும் தெரிஞ்சுக்கிடுங்க.” அன்றிலிருந்து யாரும் இவரைப் புதுப்பையன் என்று கூப்பிடவில்லை. ஓய்வு பெறும்வரை இவரும் காவலில் நிற்பவரிடம் யாரையும் விளையாட விட்டதில்லை.

ஊரிலும் அவர் அதை விடவில்லை. அவர் நிலத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒடிசா இளைஞர், இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் தண்ணீர் பாய்ச்சப் போவார். ஊர்ப் பையன்கள் வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் நிற்பதாகத் திட்டம் போட்டார்கள். விஷயம் காதுக்கு வந்ததும், பையன்களை இருட்டிய பிறகு அங்கேயே அழைத்துப் போனார். டார்ச் அடித்துக் காட்டினார். பத்தடியில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. ஈரத்தரை மேல் ஸ்டார்ட்டர் பெட்டி. வரப்பெல்லாம் எலி வளை. எலி இருந்தால் பாம்பும் வரும்.

“பயந்து ஓடுறவன் எந்தப் பக்கம் ஓடுவான்னு சொல்லுங்கடா, பார்ப்போம்” என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த இளைஞரிடம், பனைமரத்தில் இரவில் கிறீச்சிடுவது பேயல்ல, கூகை என்று இந்தியில் அவரே சொன்னார். சாக்குருவி என்று நாம் விரட்டும் அந்தப் பறவை இரவெல்லாம் எலி பிடிக்கும். வயலில் ‘டி’ வடிவக் குச்சி நட்டால் உட்கார்ந்து வேட்டையாட வசதியாக இருக்கும்.

உங்கள் நிலத்துக்குப் புது ஆள் வந்தால், கிணற்றையும் ஸ்டார்ட்டரையும் வரப்பு வழியையும் பகலிலேயே சுற்றிக் காட்டுங்கள். முதல் இரண்டு இரவு ஒருவர் துணைக்குப் போங்கள். டார்ச்சும், காலுக்கு ரப்பர் பூட்ஸும் கொடுங்கள். கிணற்றுக்கு முள்வேலியாவது போடுங்கள். பேய்க்கதையைத் திண்ணையில் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம்; இருட்டில் தனியாக வேலை பார்ப்பவரிடம் மட்டும் வேண்டாம்.