கிராஃப்டன் இறைப்பு நிலையமும் நம் ஐந்து எச்.பி. மோட்டாரும்

“எங்கள் கிணற்றுக்கு 5 எச்.பி. போதுமா, 7.5 போட்டுவிடலாமா?” வேளாண் அலுவலகத்துக்கு வரும் கேள்விகளில் இதற்கு ஓய்வே இல்லை. எச்.பி. என்றால் குதிரைத்திறன் என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். எந்தக் குதிரை, எங்கே நின்று எதை இழுத்தது என்று கேட்டால்தான் பதில் தடுமாறும். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், பெட்வின் என்ற சின்ன ரயில் நிலையத்தில் இறங்கி, கால்வாய்க் கரையோரமாக முக்கால் மணி நேரம் நடந்தால் அந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அங்கே இருப்பது கிராஃப்டன் இறைப்பு நிலையம்.

வழியெல்லாம் மேய்ச்சல் நிலமும் கோதுமை வயலும்தான். கரைப் பாதையில் ஒரு காலத்தில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்தன. இப்போது நாயோடு உலாவுகிறவர்களும் மிதிவண்டிக்காரர்களும் நடமாடுகிறார்கள். கால்வாயின் பெயர் கென்னட் - ஏவன். லண்டன் பக்கத்துத் தேம்ஸ் ஆற்றையும் மேற்கே பிரிஸ்டல் துறைமுகத்தையும் சேர்க்க வெட்டி, 1810-இல் முழுவதும் திறந்தார்கள். நீளம் 87 மைல், நம் கணக்கில் 140 கிலோமீட்டர்.

கால்வாய் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. படிப்படியாகக் கட்டிய பூட்டு மதகுகள் படகுகளை ஏற்றி இறக்குகின்றன. உச்சியைத் தாண்டும் ஒவ்வொரு படகும் இரண்டு பக்கமும் ஒரு மதகுத் தண்ணீரைக் கீழே தள்ளிவிட்டுத்தான் போகும். ஆனால் உச்சியில் போதுமான ஊற்று கிடையாது. ஊற்றுத் தண்ணீர் நாற்பது அடி பள்ளத்தில் கிடக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் வயல் மேட்டில் இருக்கும் விவசாயிக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் பள்ளத்தில் செங்கல் கட்டடமும் உயரமான புகைபோக்கியும் எழுந்தன.

உள்ளே இரண்டு நீராவி இயந்திரங்கள் நிற்கின்றன. மூத்தது 1812-இல் போல்டன் - வாட் நிறுவனம் செய்தது. தன் இடத்திலேயே நின்று, தான் செய்ய வந்த வேலையையே இன்னும் செய்யக்கூடிய நீராவி இயந்திரங்களில் உலகிலேயே பழையது இதுதான் என்கிறார்கள். உருளையின் குறுக்களவு ஏறக்குறைய மூன்றரை அடி. மேல்தளத்தில் பல டன் எடையுள்ள வார்ப்பிரும்பு உத்தரம் ஏற்ற மரம்போல ஏறி இறங்குகிறது. ஒரு முனையை நீராவி இழுக்கிறது, மறுமுனை தண்ணீரைத் தூக்குகிறது. நம் ஏற்றத்தில் மேலே ஆள் நடந்தார், இங்கே ஆளின் இடத்தில் நீராவி. ஏற்றம் பார்த்து வளர்ந்தவர்கள் இதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படிக்க வேண்டாம்.

ஓசை பெரிதாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். டீசல் எஞ்சினின் படபடப்பு கிடையாது. ஒரு பெருமூச்சு, ஒரு நிறுத்தம், பிறகு கீழே தண்ணீர் விழும் சத்தம். எண்ணெய் வாடையும் கரிப்புகையும் கலந்து வருகிறது. கொதிகலனுக்கு இன்றும் கையால்தான் நிலக்கரி போடுகிறார்கள். போடுகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

இயந்திரம் ஒரு முறை ஏறி இறங்கினால் ஏறக்குறைய ஒரு டன் தண்ணீர் மேலே போகும். நிமிடத்துக்குப் பதினொரு முறை. உயரம் நாற்பது அடி. இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் குதிரைத்திறன் என்ன என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போடலாம். அங்கே ஒரு டன் 2,240 பவுண்டு. நிமிடத்துக்கு 24,640 பவுண்டு தண்ணீர், நாற்பது அடி உயரம்; பெருக்கினால் ஒன்பது லட்சத்து எண்பத்தைந்தாயிரத்துச் சொச்சம். ஒரு குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 33,000 பவுண்டை ஓரடி உயர்த்துவது. வகுத்தால் 30 எச்.பி. வருகிறது. கிராஃப்டன் கிழவனின் உழைப்பு அவ்வளவுதான். நம் ஊரில் நாலைந்து ஆழ்குழாய் மோட்டாரைச் சேர்த்தால் வரும் எண்.

அந்த 33,000 வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஜேம்ஸ் வாட்டுக்கும் அவர் கூட்டாளி மேத்யூ போல்டனுக்கும் இயந்திரம் விற்க வேண்டியிருந்தது. கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்க ஏற்கெனவே நியூகோமன் என்பவரின் பழைய நீராவி இயந்திரங்கள் இருந்தன. அவை நிலக்கரியை விழுங்கும். வாட்டின் இயந்திரம் அதே வேலையை மிகக் குறைந்த கரியில் செய்தது. “மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை எங்களுக்குக் கொடுங்கள்” என்பதே பேரம். பழைய இயந்திரம் அங்கேயே இருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

ஆலைகளிலும் மதுபான வடிப்பாலைகளிலும் பழைய இயந்திரம் இல்லை. இருந்தது குதிரை. செக்கு மாடுபோல வட்டமாகச் சுற்றி மாவரைக்கும் குதிரைகள். லண்டன் சிஸ்வெல் தெருவில் இருந்த விட்பிரட் வடிப்பாலைக்கு 1785-இல் வாட்டின் இயந்திரம் போனது. அங்கேயும் அதற்குமுன் குதிரைதான் சுற்றியது. அப்படிப்பட்ட முதலாளி கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை குதிரைக்கு இது சமம்? வாட் குதிரையின் வேலையை அளந்தார். 12 அடி ஆரமுள்ள வட்டம், மணிக்கு 144 சுற்று, இழுவை 180 பவுண்டு. கணக்குப் போட்டால் 32,572 வரும். அதை 33,000 என்று முழுமையாக்கிவிட்டார்கள்.

ஆக, வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் தகராறு வராமலிருக்கப் போட்ட ஒப்பந்தக் கணக்கு இது. நாள் முழுக்க உழைக்கும் சாதாரணக் குதிரை இந்த அளவை எட்டாது. அதே குதிரை உயிரைக் கொடுத்து ஓடும் சில நொடிகளில் பதினைந்து எச்.பி. வரை காட்டும். வாட் தன் குதிரையைச் சற்றுத் தாராளமாகவே கணக்கிட்டார். இயந்திரம் சொன்னதைவிடக் கூடுதலாகவே செய்தது என்று வாங்கினவர் நினைக்கட்டும் என்ற வியாபார புத்தி அதில் இருந்திருக்கலாம். எப்படியானாலும் விற்றவர் தோற்கவில்லை, வாங்கினவரும் ஏமாறவில்லை.

நம் மாட்டையும் இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம். சாலுக்கு 100 லிட்டர், ஆழம் 10 மீட்டர், நிமிடத்துக்கு இரண்டு சால் என்று கவலை இறைத்ததாக வைத்துக்கொண்டால், இறைத்த தண்ணீருக்கான வேலை அரை எச்.பி.க்குச் சற்றுக் குறைவு. வடமும் உருளையும் தின்னும் இழப்பு தனி. நல்ல உழவு மாடு ஒரு ஜோடி சேர்ந்து சுமார் ஒரு எச்.பி. என்று வேளாண் பொறியியல் நூல்கள் கணக்கிடுவது இதோடு ஒத்துப்போகிறது. வாரியில் இறங்கி ஏறி மாலையில் நுரை தள்ளிய மாடுகளை நினைத்தால், ஐந்து எச்.பி. மோட்டாரின் பட்டனைச் சும்மா அழுத்தத் தோன்றாது.

கிராஃப்டன் கணக்கை நம் கிணற்றுக்குக் கொண்டுவருவது சுலபம். நொடிக்கு எத்தனை லிட்டர் வேண்டுமோ அதை, நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் விழும் இடம் வரையுள்ள உயரத்தால் (மீட்டரில்) பெருக்கி 75-ஆல் வகுக்க வேண்டும். நொடிக்கு 5 லிட்டர், 30 மீட்டர் என்றால் 2 எச்.பி. வரும். அது தண்ணீருக்குப் போய்ச் சேரும் திறன். பம்பின் செயல்திறன் பாதி என்றால் மோட்டார் 4 எச்.பி. தர வேண்டும். குழாய் உராய்வையும் சேர்த்தால் 5 எச்.பி., அதாவது நேம் பிளேட்டில் 3.7 கிலோவாட் என்று போட்டிருக்கும் மோட்டார், போதும். இரண்டரை அங்குலக் குழாய் வேண்டிய இடத்தில் இரண்டு அங்குலம் போட்டால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

பெரிது போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். நொடிக்கு இரண்டு லிட்டர் ஊறும் போரில் 7.5 எச்.பி. இறங்கினால் தண்ணீர் கூடாது. மட்டம் சரிந்து மோட்டார் காற்றை இழுக்கும். அதிக உயரத்துக்கென்று செய்த மோனோபிளாக்கை ஆழமில்லாத கிணற்றில் வைத்தால் வேறு கேடு. தூக்கும் உயரம் குறைய, அது அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளும், கரண்ட் கூடுதலாக இழுக்கும், கடைசியில் காயில் எரியும். “நல்ல கம்பெனி மோட்டார், மூணு தடவை காயில் கட்டியாச்சு” என்று புலம்புகிறவர்களில் பலர் எச்.பி.யைப் பார்த்து வாங்கியவர்கள், ஹெட் எத்தனை மீட்டர் என்று பார்க்காதவர்கள். மின் இணைப்பில் எழுதியிருக்கும் எச்.பி.யைத் தாண்டிய மோட்டாரைச் சொல்லாமல் மாட்டினால் வாரியத்தோடும் சிக்கல், டிரான்ஸ்பார்மரில் பக்கத்து வயல்காரருக்கு வால்டேஜும் இறங்கும்.

கிராஃப்டனில் இன்னொரு பாடமும் உண்டு. அதைச் சொல்வது வழிகாட்டிப் பலகையல்ல, கால்வாயின் எதிர்ப்புறம் வில்டன் கிராமத்து மேட்டில் நிற்கும் காற்றாலை. அது 1821-இல் கட்டியது. கால்வாய்க்குத் தண்ணீரைத் திருப்பியதில் அந்தப் பக்கத்து ஓடையை நம்பியிருந்த தண்ணீர் ஆலைகள் நின்றுபோயின. ஊர்க்காரர் கோதுமையை அரைக்க வேறு வழி வேண்டுமே, அதற்காகக் காற்றை நம்பினார்கள். கால்வாய்க்காரர் கணக்கில் 30 எச்.பி. வரவு எழுதப்பட்டது, எந்த ஓடை வற்றியது என்பது அந்தக் கணக்கில் வராது. தன் போரைச் சுற்றி நாலு பேர் ஆயிரம் அடி இறக்கிவிட்ட பிறகு தண்ணீர் தேடுகிறவருக்கு அந்தக் காற்றாலையைப் பார்த்ததும் விஷயம் விளங்கும்.

பழைய இயந்திரங்கள் 1950-களின் கடைசியில் ஓய்ந்தன. இடத்தைத் தன்னார்வ அறக்கட்டளை ஒன்று 1968-இல் வாங்கி, 1970-இல் மூத்த இயந்திரத்தை மறுபடி ஓடவைத்தது. இப்போது அன்றாட வேலையை மின்மோட்டார்கள் பார்க்கின்றன. ஆண்டில் சில வார இறுதிகளில் மட்டும் நிலக்கரி மூட்டி நீராவி ஏற்றுகிறார்கள். அந்த நாட்களில் மின்மோட்டாரை நிறுத்திவிட்டு, கால்வாய்க்குத் தண்ணீரைக் கிழவனே கொடுக்கிறான். மாலையில் நெருப்பு தணிந்ததும் உத்தரம் பாதி வழியில் நிற்கும். பிறகு மறுபடி மின்மோட்டார் முறை.