பூட்டப்பட்ட குரல்

அப்பாவின் குரல் என்னிடம் இரண்டு வடிவங்களில் இருக்கின்றது. ஒன்று, 1987இல் பதிவுசெய்த ஒலிநாடா. மற்றையது, அதனை 2001இல் இறுவட்டில் பதிந்து, பின் கணினியில் ஏற்றிய கோப்பு.

விண்டோஸ் 98 காலம் அது. இறுவட்டைப் பிரதி செய்த மென்பொருள், என்னைக் கேளாமலே கோப்புக்கு ஒரு பூட்டையும் இட்டிருந்தது. திறப்பு அதே கணினியின் வன்தட்டில். கணினி அடிக்கடி உறைந்து நின்றமையால், ஒருநாள் வன்தட்டை முற்றாக அழித்து இயங்குதளத்தை மீள நிறுவினேன். கோப்பைப் பத்திரமாக எடுத்துவைத்தேன். திறப்பென ஒன்று இருப்பதையே அறிந்திருக்கவில்லை. இறுவட்டும் கீறல் விழுந்து பழுதாயிற்று.

பிற்காலத்தில் வீஎல்சியிலும் முயன்றேன். பாரிஸ் மாணவர்கள் 1996இல் தொடங்கிய திட்டத்தில் பிறந்த மென்பொருள். பழைய வடிவங்கள் பலவற்றை இயக்கும். பூட்டிய கோப்பு அதற்கும் அசையவில்லை.

கடைசியில் ஒலிநாடாவையே தேடியெடுத்தேன். பழைய வானொலிப் பெட்டியில் இட்டதும் சுழன்றது. அனுமதி எதுவும் கேட்கவில்லை. இரைச்சலுக்கு நடுவே அப்பா கேட்கிறார்: "தம்பி, இது பதியுதோ?"

இம்முறை பூட்டில்லாத வேவ் கோப்பாக, மூன்று இடங்களில் பதிந்து வைத்திருக்கிறேன். ஒலிநாடாவையும் எறியவில்லை.